கேரவனில் மாமிக்கு ஒரு பெஞ்சு

மச்சானின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதலுக்கு வந்திருந்த மாமி, சாப்பிட்டுக் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டே என் எதிரில் வந்து நின்றார். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த வண்டியில எனக்கு ஒரு பெஞ்சு போடக் கூடாதுன்னு சொன்னவன் நீதானே" என்றார். "பாவம், அவன் எவ்வளவு ஆசையா இருந்தான், சாச்சிக்கு ஒரு பெஞ்சு போடணும்னு."

மாமி என்பவர் மச்சானுடைய சித்தி. அவர் சாச்சி என்று கூப்பிடுவார், எனக்கு மாமி முறை. மச்சான் என் லாத்தாவை, அதாவது என் அக்காவைக் கட்டியவர், அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். இறந்துபோனவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நானும் முயற்சி செய்துகொண்டுதான் இருந்தேன். மாமி கை துடைத்து முடிப்பதற்குள் அந்த முயற்சி முடிந்துபோனது.

மச்சானுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. 'முடியாது', 'வேண்டாம்', 'அப்புறம் பார்க்கலாம்' எதுவும் வராது. யார் எதைக் கேட்டாலும் 'சரி'தான். அதையும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கேட்டவர் தனக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்ட மாதிரிச் சொல்வார். ஏன் இப்படி என்று கேட்டால், "யாரு மனசும் நோவக் கூடாது மச்சான்" என்பார். என் மனசு எந்தக் காலத்திலும் அந்தப் பட்டியலில் இருந்ததில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினால், கிளம்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஆலப்பாக்கம் தாண்டும்போது நடுவில் உட்கார்ந்திருப்பார். புதுச்சத்திரத்தில் நின்றுகொண்டிருப்பார். ஒருவர் காற்று வேண்டும் என்று கேட்டிருப்பார், இன்னொருவர் கால் வலி என்றிருப்பார். அப்போது அவர் குடியிருந்த பரங்கிப்பேட்டையில் அவருக்குச் சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அதில் அவர் போய் நான் பார்த்ததில்லை. யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். இவர் பஸ் பிடித்துக் கடலூர் வந்து, மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கடை வாசலில் நின்று, "மச்சான், ஒன் பைக்க கொஞ்சம் குடேன்" என்பார்.

சவூதியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலத்தில், லீவுக்கு வந்தால் பையன்கள் பாஸ்போர்ட் நகலோடு வாசலில் நிற்பார்கள். விசா எடுத்துத் தர வேண்டும். எல்லோருக்கும் சரி. திரும்பிப் போகும்போது அவர் பையில் நெய்யும் ஊறுகாயும் இருக்க வேண்டிய இடத்தில் பாஸ்போர்ட் நகல்கள் இருக்கும். விசா கொடுக்கும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வரும்? அவர்கள் அவரைப் பிடிக்க முடியாமல் எனக்குப் போன் போட்டு, எப்போது வரும் என்பார்கள். கேட்டவன் மனசு அன்றைக்கு நோகவில்லை, அதோடு அவர் வேலை முடிந்துவிட்டது.

ஊருக்கே திரும்பி வந்த பிறகு சிதம்பரத்தில் வீடு கட்டினார். அந்த வீட்டில் மாடிக்கு இரண்டு படிக்கட்டு. உள்ளே வேண்டும் என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார், வெளியேதான் வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேருக்கும் சரி சொல்லிவிட்டதால் இரண்டையும் கட்டினார்கள். உள்ளே ஏறுகிற படிக்கட்டு மேலே போய் ஒரு சுவரில் முட்டும். அதில் லாத்தா வெங்காயம் உலர்த்துவார்.

அதே தெருவில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் காம்பவுண்டுச் சுவர்த் தகராறு வந்து, வெளிநாடு பார்த்த மனிதர் என்று இவரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். இந்த வீட்டில் டீ குடித்துவிட்டு நீங்கள் சொல்வதுதான் நியாயம் என்றார். அந்த வீட்டிலும் டீ குடித்துவிட்டு அதையே சொன்னார். இரண்டு பேரும் தைரியமாகக் கொத்தனாரைக் கூட்டிவந்து சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சிரிப்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு குடும்பமும் அதுவரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். மச்சானின் நல்ல மனசு எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் லாத்தா. அவர் எதையும் கேட்கிற ரகமில்லை. கேட்டால் கிடைத்துவிடும் என்கிற வீட்டில் கேட்காமலேயே இருந்த ஒரே ஆள் அவர்தான்.

லாத்தாவுக்குப் பயணம் என்றால் ஒரே ஒரு பயம். பஸ்ஸில் போக வேண்டிய நாள் என்றால், முதல் நாள் சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டார். வழியில் எங்கே ஒதுங்குவது? எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான், யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. லாத்தா ஊரெல்லாம் அப்படியே போய்வந்து, கடைசியில் நீர்க்கடுப்பு முற்றிக் காய்ச்சலாகி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரயிலில் இருக்கிறதே என்பீர்கள். ரயிலில் ஒருமுறை போய், ஈரத் தரையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தார். அதோடு பஸ், ரயில், கார் எல்லாம் நின்றது. கடலூரில் இருக்கும் என் வீடுதான் அவருக்கு வெளியூர்.

மகள் கோயம்புத்தூரில் இருந்தாள். கல்யாணமாகி அங்கே குடிபோனவள், இரண்டு பிள்ளைகள். லாத்தா அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. வீடியோ காலில் மகள் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். "அந்த ஜன்னலுக்கு அந்தாண்ட என்னடி இருக்குது" என்று லாத்தா கேட்பார். ஒரு வேப்பமரம் என்பாள். "எங்க, காட்டு" என்பார். மரம் போனில் சரியாகத் தெரியாது.

ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மச்சான் சொன்னார், "சவூதில அரபிங்க வெள்ளிக்கிழமையானா ஜீப்புக்குப் பின்னாடி ஒரு வீட்டையே மாட்டி இழுத்துக்கிட்டு கடக்கரைக்குப் போவாங்க. கட்டிலு, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்கும். அதுல ஒண்ணு வாங்கிட்டா ஒன் லாத்தாவ ஊரெல்லாம் கூட்டிட்டுப் போலாம்." அவரே நினைத்து, அவரே சொன்னது. யாரும் கேட்டு அவர் சரி சொன்னதல்ல. அதனால் எனக்கும் அன்றைக்கு நம்பிக்கை வந்தது.

புதுச்சேரிக்கு வெளியே அந்த மாதிரிக் கேரவன் கட்டித் தரும் பட்டறை ஒன்று இருந்தது. இழுக்க அவரிடம் ஒரு ஜீப்பு இருந்தது. நானும் கூடப் போனேன். என் கடை கார் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் கடை. முதல் கார் வாங்குகிறவர்களை நிறையப் பார்த்தவன் நான். சீட் கவர், கலர் லைட்டு, ஏழு ராகம் பாடும் ஹாரன் என்று ஆசையாக மாட்டிக்கொண்டு போவார்கள். மழை வந்த பிறகுதான் வைப்பர் தேய்ந்திருப்பது தெரியும். அவர்களால்தான் நான் சாப்பிடுகிறேன், குறை சொல்லக் கூடாது. ஆனால் மச்சானைத் தனியாக ஒரு ஃபிட்டிங் கடைக்குள் அனுப்புவது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும்.

பட்டறையில் டிசைன் பார்க்கும் பெண் பொறுமையாக விளக்கினாள். சாதா மாடலில் இரண்டு கட்டில், மேலே அலமாரி, உள்ளேயே ஒரு சின்ன அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. மற்றதெல்லாம் நாம் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்வது. வெளியே இழுத்துவிடும் கூரைத் துணி, ஏசி, டிவி, கூரைமேல் சோலார், பின்பக்கக் கேமரா, கேரியர், கூடுதல் கட்டில். அந்தப் பட்டியலில்தான் கழிப்பறையும் இருந்தது.

"அது எக்ஸ்ட்ராவா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். நெறைய பேர் சமைக்கிற வண்டிக்குள்ள அது எதுக்குன்னு வேணாம்னுடறாங்க" என்றாள். "மொத வண்டின்னா கம்மியா போடுங்க. ரெண்டு மூணு ட்ரிப் போயிட்டு வந்தா எது வேணும்னு ஒங்களுக்கே தெரியும். கூரைத் துணி, சோலார் எல்லாம் அப்புறம்கூட மாட்டிக்கலாம். ஆனா பாத்ரூம் அப்படி இல்ல. பைப்பு, தொட்டி எல்லாம் கட்டும்போதே வைக்கணும். இப்ப விட்டா விட்டதுதான்." அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். "ஒங்க ஜீப்பு இழுக்குற வெயிட்டுக்கு ஒரு அளவு இருக்குது. அதத் தாண்டக் கூடாது. ஓடும்போது உள்ள யாரும் உக்காரவும் கூடாது."

மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கழிப்பறை, கொசுவலை, பின்பக்கக் கேமரா. மூன்று போதும் என்று நான் சொன்னேன். "சரி மச்சான்" என்றார். அந்தச் சரியை நம்பிக் கடலூருக்குத் திரும்பி வந்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வண்டியின் படத்தைப் போட்டு, யாருக்கு என்ன வேண்டுமோ சொல்லுங்கள் என்று எழுதிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் வண்டி வாங்குவது ஒருவர் சமாச்சாரமில்லை. ஒருவர் பணத்தில் வாங்குவார், எல்லோரும் ஏறுவார்கள். சொல்லாமல் வாங்கினால் சொல்லவில்லை என்று ஒரு வருஷம் பேசமாட்டார்கள். ஆனால் சொல்வது வேறு, கேட்பது வேறு. இவர் கேட்டுவிட்டார். ஒருவர் பெரிய கூரைத் துணி வேண்டும், இருபது பேர் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிற மாதிரி என்றார். கிரிக்கெட் பார்க்க டிவி என்றார் இன்னொருவர். குழந்தைகளுக்குத் தொட்டில் கொக்கி. மாமிக்கு முட்டி வலி, தரையில் உட்கார முடியாது, அதனால் சுவரோடு சேர்த்து மெத்தை தைத்த ஒரு பெஞ்சு. காடாம்புலியூரில் பலாத் தோப்பு வைத்திருந்த சிநேகிதர் ஒருவர், சொந்தத்தைவிட நெருக்கம், மச்சானை மாமா என்றுதான் கூப்பிடுவார். "மாமா, மேல ஒரு கேரியர் போட்டுடுங்க. போற ஊருக்கெல்லாம் நம்ம பலாப்பழம் ஏத்திட்டுப் போயிடலாம்" என்று குரல் பதிவே அனுப்பிவிட்டார்.

எல்லோருக்கும் சரி. ஓடுகிற வண்டியில் உள்ளே உட்காரக் கூடாது என்பதை யாருக்கும் சொல்லவில்லை. "சொன்னா சாச்சிக்கு மனசு நோவும் மச்சான்." பெஞ்சு வந்த பிறகு அதில் உட்காரக் கூடாது என்றால் மட்டும் நோகாதா என்று கேட்டேன். "அப்ப பாத்துக்கலாம்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் சிதம்பரம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது பட்டறையிலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள். மச்சான் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். எல்லோருக்கும் கேட்க வேண்டுமாம்.

"சார், நீங்க சொன்னதெல்லாம் சேர்த்தா வெயிட்டு ரொம்ப ஜாஸ்தியாவுது. ஒங்க ஜீப்பு இழுக்காது. சிலத எடுக்கணும். இன்னிக்குச் சொன்னீங்கன்னா நாளைக்கு உள்வேலைய ஆரம்பிச்சிடுவோம்."

ஹாலில் எல்லோரும் அவரவர் கேட்டதை நினைத்துக்கொண்டு மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். மாமிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அந்தக் கக்கூச எடுத்துடேன்பா. அடுப்புக்குப் பக்கத்துல கக்கூசா? சோறாக்குற எடம் அது. யாரு சாப்புடுவா அதுல? வழியெல்லாம் பெட்ரோல் பங்க் இருக்குது, பள்ளிவாசல் இருக்குது."

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அடுப்பும் அதுவும் ஒரே அறையில் என்றால் என் வீட்டிலும் முகம் சுளிப்பார்கள். மச்சான் தலையைச் சாய்த்தார். "சரி சாச்சி" என்றார்.

எனக்குக் காதில் புகை வந்தது. லாத்தா டீத் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். டீயை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணால் உள்ளே வரச் சொன்னார்.

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பேசினார். "தம்பி, எனக்கு அது மட்டும் இருந்தா போதும்டா. வேற எதுவும் வேணாம். நான் எம்புள்ள வூட்டப் பாக்கணும்."

"மச்சான்கிட்ட சொல்லேன் லாத்தா."

"சொன்னா சரிம்பாங்க. சாச்சி சொன்னாலும் சரிம்பாங்க. மீன் விக்கிறவ வந்து சொன்னாலும் சரிம்பாங்க. அவுங்க சரிய வச்சிக்கிட்டு நான் என்னடா பண்றது?"

இவ்வளவு வருஷத்தில் லாத்தா அவரைப் பற்றிக் குறையாகச் சொன்னது அது ஒன்றுதான். குழாயை நிறுத்திவிட்டு, அதே கையோடு சட்டியைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

ஹாலுக்கு வந்து மச்சான் கையிலிருந்த போனை வாங்கினேன். பிடுங்கினேன் என்று மாமி இன்றைக்கும் சொல்கிறார், அதுதான் உண்மை. "அம்மா, பாத்ரூம் இருக்கட்டும். டிவி வேணாம். கேரியர் வேணாம். கூரைத் துணி வேணாம். பெஞ்சு வேணாம். தொட்டில் கொக்கியும் வேணாம்" என்றேன். அடுப்பைப் பின்பக்கக் கதவுக்கு வெளியே இழுத்து வைத்துச் சமைக்கிற மாதிரிச் செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றாள். வைத்துவிட்டேன்.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சான் மட்டும் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி இருந்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்திருக்கிறார். "நான் போட்டுடலாம்னுதான் இருந்தேன். மச்சான்தான் ஒரேடியா வேணாம்னுட்டான். அவன் பேச்சத் தட்ட முடியல." காடாம்புலியூர்க்காரர் அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குப் பலாப்பழம் கொடுத்தனுப்பவில்லை. மாமி என் சலாமுக்குப் பதில் சலாமை எனக்குப் பின்னால் இருந்த சுவருக்குச் சொன்னார். மச்சானிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"எம்பேர எதுக்கு மச்சான் இழுத்தீங்க?"

"என் வாயால இல்லன்னு சொன்னா அவுங்களுக்கு நோவும். நீ சொன்னா பழகிடும்" என்றார், ரொம்ப நியாயமாக.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் முடியாது என்று சொல்லும் உத்தியோகம் என்னுடையதாயிற்று. ஆண்டவன் மேல் ஆணையாக நான் அதற்கு மனுப் போடவில்லை.

வண்டி வந்தது. வெள்ளையாக, அடக்கமாக, சொன்னதெல்லாம் சொன்ன இடத்தில் இருந்தது. லாத்தா அந்தச் சின்னக் கதவைத் திறந்து திறந்து பார்த்தார். உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். தொட்டி நிரம்பினால் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும், அதற்குப் பிறகு தொட்டியைச் சரியான இடத்தில் காலி செய்து கழுவினால்தான் மறுபடி உபயோகிக்கலாம் என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கோயம்புத்தூருக்குக் கிளம்பினோம். மச்சானோடு மாற்றி மாற்றி ஓட்டுவதற்காக நானும். சிதம்பரத்திலிருந்து கோயம்புத்தூர் போகக் கடலூர் வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கடலூரில் யாரோ வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், இவர் சரி சொல்லியிருந்தார். அதனால் கடலூர் வந்து, வண்டியைக் காட்டி, என்னை ஏற்றிக்கொண்டு, குறிஞ்சிப்பாடி வழியாகப் போனோம். அன்றைக்குத் தைப்பூசம். ஜோதி பார்க்க வரும் கூட்டத்தில் வடலூர் ரோட்டில் நகர முடியாது என்று முந்தின நாளே சொன்னேன். "மருமவன்கிட்ட இன்னிக்கு வர்றோம்னு சொல்லிட்டேன் மச்சான்" என்றார்.

குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் ஓரமாக நிறுத்தச் சொல்லி லாத்தா இறங்கிக் கேரவனுக்குள் போனார். திரும்பி வந்து முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். மச்சான் ரோட்டைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டார்.

வடலூருக்குச் சற்று முன்னால் எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் வேன், இரண்டு ஓரத்திலும் நடந்து போகிற ஜனம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் திறந்த வெளி, எங்கே பார்த்தாலும் ஆட்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து லாத்தா பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள்.

"அம்மா, பின்னாடி வண்டியில பாத்ரூமுங்களா இருக்குது? எம்பொண்ணுக்கு ரொம்ப முடியல."

மச்சான் அதற்குள் இறங்கிவிட்டார். மகள் போனாள், அம்மா போனாள், அவர்களோடு வந்தவர்கள் போனார்கள். கேரவனுக்கு வெளியே வரிசை ஒன்று உருவாயிற்று. வாங்கம்மா, பாத்து ஏறுங்கம்மா என்று மச்சான் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று கல்யாண வீட்டு வாசலில் வரவேற்கிற மாதிரிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தலை சூடாகிக்கொண்டிருந்தது. கீழே இறங்கி அவர் காதுக்குள் சொன்னேன்.

"மச்சான், தொட்டி ரொம்பச் சின்னது. இன்னும் ரெண்டு பேரு போனா நெறஞ்சிடும். அப்புறம் லாத்தா எங்க போவாங்க? கோயம்புத்தூரு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்குது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நான்தான் சொல்லப்போகிறேன் என்று முடிவு செய்துகொண்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினேன். அவர் என் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

வரிசையில் முதலில் ஒரு வயதான அம்மா நின்றுகொண்டிருந்தார். அடிவயிற்றில் ஒரு கையை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் வண்டியைப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள். மச்சான் அவர்களுக்கு முன்னால் போய் நின்றார்.

"இல்லம்மா" என்றார். குரல் சரியாக வரவில்லை. கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். "இல்லம்மா, இதுக்கு மேல முடியாதும்மா. என் பொஞ்சாதிக்கு ஒடம்பு சரியில்ல. அவுங்களுக்கு வேணும். மன்னிச்சிக்கங்க."

அந்த அம்மா ஏன் என்று கேட்கவில்லை. "இருக்கட்டும் சாமி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பஸ் நிழலுக்குப் போய் நின்றார். கையை மட்டும் வயிற்றிலிருந்து எடுக்கவில்லை.

மச்சான் ஜீப்பில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. எத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த சொல் அது. அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு உட்காரவே முடியவில்லை.

"அவுங்கள அனுப்பிட்டீங்களா?" என்று லாத்தா கேட்டார்.

"ம்."

"எனக்காவவா?"

லாத்தா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அவர் இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். நேராகப் பஸ் நிழலுக்குப் போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கேரவன் கதவைத் திறந்துவிட்டார்.

"போங்கம்மா. அவசரப்படாம போங்க. எனக்குத் தெரியும்" என்றார்.

மற்ற இரண்டு பெண்களும் போனார்கள். கடைசிப் பெண் இறங்கும்போது கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. லாத்தா அதைப் பார்த்துவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "வூட்டுக்குத் திருப்புங்க" என்றார்.

வடலூர் முக்கு வரை ஊர்ந்து போய், சேத்தியாத்தோப்பு ரோட்டில் திருப்பினோம். நான் பின்சீட்டில் கொதித்துக்கொண்டு இருந்தேன். ஒரு ஆளையே என்னால் சமாளிக்க முடியவில்லை, இப்போது இரண்டு பேர். லாத்தா மகளுக்குப் போன் போட்டார். அங்கே சமைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள் போலிருக்கிறது.

"இல்லடி, இன்னிக்கு வரல" என்றார் லாத்தா. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். வடலூர் வரைக்கும் வந்தேன்டி. ஆமாடி, நானேதான். வடலூர் வரைக்கும் வந்துட்டேன். வழியில எறங்கிப் போனேன், தண்ணி குடிச்சேன், ஒரு பயமும் இல்ல."

அதையே மகளிடம் மறுபடியும் சொன்னார். அப்புறம் பேரப்பிள்ளையிடம் சொன்னார். மருமகனிடமும் சொன்னார். கோயம்புத்தூருக்கே போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது அவர் குரல்.

போனை வைத்ததும் மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். லாத்தாவும் திரும்பிப் பார்த்தார்.

"மச்சான், அடுத்த வாரம் கெளம்பலாமா? கடைய விட்டுட்டு ஒன்னால வர முடியுமா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குடும்பத்தில் அதற்கென்றே இருக்கிற ஆள் நான். லாத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றேன்.